செடி எண்ணெயிலும் பாசியிலும் டீசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோடீசலும் புதுப்பிக்கத்தக்க டீசலும் ஒன்றுதானே?

மூலப்பொருள் ஒன்று, பண்டம் வேறு. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் தண்டில் மூன்று நீண்ட கொழுப்பு அமில வால்கள் ஒட்டிய உருவம். மெத்தனாலைச் சேர்த்து அந்த வால்களைக் கழற்றி எஸ்டராக (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மமாக) மாற்றினால் பயோடீசல். அதில் ஆக்ஸிஜன் எரிபொருளுக்குள்ளேயே தங்கிவிடும். புதுப்பிக்கத்தக்க டீசலில் ஹைட்ரஜனைச் செலுத்தி ஆக்ஸிஜனை அடியோடு வெளியேற்றிவிடுவார்கள். கடைசியில் நிற்பது பாரஃபின் சங்கிலி, அதாவது கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலி; பெட்ரோலிய டீசலிலும் அதே சங்கிலிகள் இருக்கின்றன. தொழிலில் இதை 'ஹெச்விஓ' என்று சொல்வார்கள். தரநிலைகளும் தனித்தனி: பயோடீசலுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 14214, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி6751, ஹெச்விஓ போன்ற பாரஃபின் டீசலுக்கு ஈஎன் 15940.

விற்பவர் 'பசுமை டீசல்' என்று மட்டும் சொன்னால், எந்தத் தரநிலை என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே எது என்று தெரிந்துவிடும்.

எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றி ஓட்ட முடியாதா? டீசல் இயந்திரமே கடலை எண்ணெயில்தான் ஓடியதாமே?

ஓடியது உண்மை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு டீசல் இயந்திரத்தை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. ஆனால் சில மணி நேரம் ஓடுவது வேறு, ஆயிரம் மணி நேரம் ஓடுவது வேறு. 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 அலகு, செடி எண்ணெய்க்கு 30 முதல் 40. பத்து மடங்கு கெட்டியான திரவத்தை இன்ஜெக்டரால் புகைபோலத் தெளிக்க முடியாது. பெரிய துளிகளாக விழும். அவை முழுதாக எரியாமல் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், எரியாத எண்ணெய் கீழிறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்கும். மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்துளை வழியே எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய காமன் ரெயில் இயந்திரங்கள் இதைக் கொஞ்சமும் தாங்காது.

ஹைட்ரஜன் முறையில் உலைக்குள் என்னதான் நடக்கிறது?

எண்ணெயும் ஹைட்ரஜனும் சுமார் 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், 30 முதல் 100 பார் அழுத்தத்தில், நிக்கல்–மாலிப்டினம் அல்லது கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கிப் படுகை வழியாக இறங்கும். முதலில் வால்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் நிரம்பும். பிறகு கிளிசரின் தண்டு புரோபேனாகப் பிரியும். கடைசியாக ஆக்ஸிஜன் வெளியேறும். அது தண்ணீராகவும் போகலாம், கார்பன் டை ஆக்ஸைடாகவோ கார்பன் மோனாக்ஸைடாகவோ போகலாம்.

எந்த வழியில் போகிறது என்பதில்தான் ஆலையின் காசு இருக்கிறது. வால்கள் முழுக்க ஒலிக் அமிலத்தாலான (வாலுக்கு 18 கரி அணு) 100 கிலோ எண்ணெயை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆக்ஸிஜன் எல்லாம் தண்ணீராகப் போனால் 3.4 கிலோ ஹைட்ரஜன் செலவு. வரவு 86 கிலோ டீசல், 5 கிலோ புரோபேன், 12 கிலோ தண்ணீர். கார்பன் டை ஆக்ஸைடாகப் போனால் ஹைட்ரஜன் 1.4 கிலோ போதும். ஆனால் ஒவ்வொரு வாலும் ஒரு கரி அணுவை இழந்து 18-இலிருந்து 17-ஆகக் குறுகும், டீசல் 81.5 கிலோவாக இறங்கும். ஹைட்ரஜன் மலிவா, எண்ணெய் மலிவா என்று பார்த்து வெப்பம், அழுத்தம், வினையூக்கி மூன்றையும் அமைப்பார்கள். நடைமுறையில் இரண்டு வழிகளும் கலந்தே நடக்கும்.

ஒரு விஷயத்தைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள்: இந்த வினை கடுமையாகச் சூடு கக்கும். எண்ணெயை நேராக விட்டால் படுகையின் மேற்பகுதியிலேயே வெப்பம் எகிறி, வினையூக்கியின் மேல் கரி படியும். அதனால் வெளிவந்த டீசலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி எண்ணெயை நீர்க்க வைப்பார்கள். படுகைகளுக்கு இடையே குளிர்ந்த ஹைட்ரஜனையும் பாய்ச்சுவார்கள்.

வெளிவருவது நேரே டேங்குக்குப் போகலாமா?

முடியாது. நேர்ச் சங்கிலிப் பாரஃபின் மெழுகு ஜாதி. 17 கரி சங்கிலி 22 டிகிரியிலும், 18 கரி சங்கிலி 28 டிகிரியிலும் உறையும். குளிர்காலம் வேண்டாம், சாதாரண அறையிலேயே கட்டியாகும். எனவே இரண்டாவது உலை ஒன்று உண்டு. அங்கே பிளாட்டினம் ஏற்றிய மூலக்கூறு சல்லடை வினையூக்கி சங்கிலியில் கிளைகளை உண்டாக்கும். கிளைத்த சங்கிலிகள் அடுக்கடுக்காகப் படியாது, எனவே உறையும் வெப்பநிலை நன்றாக இறங்கும். கிளை கூடக்கூட சங்கிலி உடைந்து டீசலைவிட இலேசான நாஃப்தாவாகப் போகும் பங்கும் கூடும். கடுங்குளிர் நாட்டுக்கு அனுப்பும் சரக்கில் டீசல் விளைச்சல் குறைவது இதனால்தான்.

எந்த எண்ணெயையும் போடலாம் என்கிறார்களே?

விளம்பரத்தில் போடலாம். உலைக்குள் போகும் முன் எண்ணெயைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஹெச்விஓ ஆலை நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான்.

சுத்திகரிக்காத எண்ணெயில் பசைப்பொருள்கள், அதாவது பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புகள், இருக்கும். அவற்றோடு கால்சியம், மெக்னீசியம், சோடியம், இரும்பு ஆகியவையும் வரும். இவை வினையூக்கிப் படுகையின் மேல் ஓடு கட்டும். அறிகுறி எளிது: வினையூக்கி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் படுகைக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் வாரா வாரம் ஏறும். கடைசியில் பம்ப் தள்ள முடியாமல் ஆலையை நிறுத்த வேண்டியதுதான். இதற்காகவே சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பசையை நீக்கி, வெளுக்கும் மண்ணில் வடித்து, பாஸ்பரஸையும் உலோகங்களையும் பத்து லட்சத்தில் சில பங்குகளுக்குள் கொண்டுவருவார்கள்.

பொரித்து மீந்த எண்ணெயிலும் விலங்குக் கொழுப்பிலும் குளோரைடு வரும். அது துருப்பிடிக்காத எஃகில் விரிசல் விழச் செய்யும். பயன்படுத்திய எண்ணெயில் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலமும் அதிகம்; அது சூடான குழாய்களை அரிக்கும். இன்னொரு வேடிக்கை: இந்த வினையூக்கி கந்தகம் ஏறிய நிலையில்தான் வேலை செய்யும். பெட்ரோலியத்தில் கந்தகம் தானாகவே இருக்கும், செடி எண்ணெயில் கிடையாது. ஆகவே சுத்தமான எண்ணெயோடு டைமெத்தில் டைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது பெரிய அளவில் நடக்கிறதா?

நடக்கிறது. பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் 2007-இல் போர்வோவில் முதல் ஆலையைத் தொடங்கியது. 2010-இல் சிங்கப்பூர், 2011-இல் ராட்டர்டாம். ஏற்கெனவே உள்ள சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோலியத்தோடு சிறு பங்கு எண்ணெயைக் கலந்து ஓட்டுவதும் உண்டு.

இதை வீட்டிலோ சிறு பட்டறையிலோ செய்யலாமா?

ஹெச்விஓ கூடாது. உயர் அழுத்த ஹைட்ரஜன், 300 டிகிரிக்கு மேல் வெப்பம் இரண்டும் சேரும் இடம் பட்டறைக்கு உரியதல்ல. பயோடீசலைச் சிறு அளவில் செய்யலாம், ஆனால் விளையாட்டாக அல்ல. மெத்தனால் மிகச் சிறு அளவு உள்ளே போனாலும் கண்பார்வையைப் பறிக்கும். ஆவியும் தோல்வழி ஊறலும் ஆபத்து. அதன் தீச்சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. திறந்த வெளி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர், சுற்றிலும் நெருப்பு இல்லாமை: இதில் ஒன்று குறைந்தாலும் தொடங்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சட்டம் மெத்தனால் வைத்திருக்கவும் எரிபொருள் தயாரிக்கவும் உரிமம் கேட்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

1 லிட்டர் எண்ணெயில் சோதித்துப் பார்க்க அளவுகள் என்ன?

முதலில் தண்ணீர். எண்ணெயை 110 டிகிரி வரை மெல்லச் சூடாக்குங்கள். சடசடப்பு முழுதாக அடங்கும்வரை விடாதீர்கள். பிறகு 55 டிகிரிக்கு ஆறவிடுங்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் என்பதால் அதற்கு மேல் வைத்துக்கொண்டு கலக்கக் கூடாது.

அடுத்து அமிலச் சோதனை. 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலின் (காரத்தில் சிவக்கும் நிறங்காட்டி) விட்டு, வெளிர் சிவப்பு தெரியும்வரை அந்தக் காரக் கரைசலைச் சொட்டுங்கள். இது ஆல்கஹாலின் சொந்த அமிலத்தைக் கழிப்பதற்கு. இப்போது சரியாக 1 மி.லி. எண்ணெயைச் சேர்த்தால் சிவப்பு மறையும். மறுபடி கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். சிவப்பு 15 விநாடி நிலைத்தால் நிறுத்தி, எத்தனை மி.லி. போனது என்று பாருங்கள். புது எண்ணெய்க்கு அநேகமாக ஒன்றுக்கும் கீழே. பொரித்த எண்ணெய்க்கு 2, 3 என்று போகும். ஒவ்வொரு மி.லி.யும் ஏறத்தாழ 0.77 சதவீதத் தனிக் கொழுப்பு அமிலத்தைக் குறிக்கும்.

காஸ்டிக் சோடாவின் அளவு: அடிப்படை 3.5 கிராம், அதோடு சோதனையில் வந்த எண்ணிக்கை அத்தனை கிராம். 2 மி.லி. வந்தால் 5.5 கிராம். காஸ்டிக் பொட்டாஷ் என்றால் இந்த மொத்தத்தை 1.4-ஆல் பெருக்கி, தூய்மை 90 சதவீதமானால் 0.9-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பொட்டாஷ் எளிதில் கரையும், அதன் கிளிசரினும் குளிரில் கட்டியாவதில்லை. புதியவர்களுக்கு அதுவே நல்லது. எதுவானாலும் காற்றில் ஈரம் இழுத்துப் பிசுபிசுத்த பழைய டப்பா வேண்டாம்.

மெத்தனால்: வினைக்குக் கணக்குப்படி சுமார் 127 மி.லி. போதும். ஆனால் வினை பின்னோக்கியும் ஓடும் என்பதால் 220 முதல் 250 மி.லி. ஊற்ற வேண்டும். காரத்தை மெத்தனாலில் முழுதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். கரையும்போது சூடாகும், அழுத்தமும் ஏறும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது: காரம் அதைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். தாமிரம், துத்தநாகம், பித்தளையும் வேண்டாம். அவை பயோடீசலை விரைவில் கெடுக்கும்.

கரைசலை எண்ணெயில் ஊற்றி, மூடிய பாத்திரத்தில் 55 டிகிரியில் ஒரு மணி நேரம் விடாமல் கலக்குங்கள். பிறகு 8 முதல் 12 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் கருத்த கிளிசரின் படியும், மேலே தேன் நிறத்தில் எஸ்டர் நிற்கும். கிளிசரின் மட்டுமே சுமார் 96 கிராம். மெத்தனாலும் சோப்பும் அதோடு சேர்வதால் அடுக்கு இன்னும் தடிமனாகத் தெரியும். அதை வடித்துவிட்டு, மேலடுக்கை வெதுவெதுப்பான தண்ணீரால் மூன்று நான்கு முறை கழுவுங்கள். முதல் கழுவலில் தெளித்தால் மட்டும் போதும், குலுக்க வேண்டாம். கடைசித் தண்ணீர் தெளிவாக வந்ததும் 50–60 டிகிரியில் காற்றோட்டமாகச் சுழற்றி உலர்த்துங்கள். கலங்கலாக இருந்தது பளிச்சென்று தெளிந்தால் ஈரம் போய்விட்டது.

எல்லாம் கூழாகிவிட்டது. எங்கே தப்பு?

பெரும்பாலும் தண்ணீர் அல்லது அமிலம். காரம் கொழுப்பு அமிலத்தைக் கண்டதும் சோப்பாகிவிடும்; தண்ணீர் இருந்தால் எஸ்டரையே உடைத்து மேலும் சோப்பு செய்யும். சோதனையில் 4 மி.லி.க்கு மேல் வந்த எண்ணெயில் (சுமார் 3 சதவீத அமிலம்) நேரே காரம் போடுவது வீண். முதலில் கந்தக அமிலத்தை வினையூக்கியாக வைத்து மெத்தனாலோடு அந்த அமிலத்தையும் எஸ்டராக மாற்றிவிட்டு, பிறகு காரத்துக்குப் போக வேண்டும். கழுவும்போது மட்டும் வெண்ணெய்போலக் கூழானால் முந்தின கட்டத்திலேயே சோப்பு அதிகம், அல்லது அவசரப்பட்டுக் குலுக்கிவிட்டீர்கள். வெதுவெதுப்பான உப்புநீர் கொஞ்சம் விட்டு, பொறுமையாகக் காத்திருந்தால் பெரும்பாலும் பிரியும்.

முழுதாக மாறிவிட்டதா என்று ஆய்வகம் இல்லாமல் எப்படி அறிவது?

ஒரு சிறு குப்பியில் 27 மி.லி. மெத்தனால், அதில் 3 மி.லி. பயோடீசல். மூடிக் குலுக்கி, சுமார் 20 டிகிரியில் அரை மணி வையுங்கள். எஸ்டர் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. அடியில் துளி எண்ணெய்கூடத் தெரியாவிட்டால் நல்லது. தெரிந்தால் மறுபடி கொஞ்சம் மெத்தனாலும் காரமும் சேர்த்து இன்னொரு சுற்று. இது தேறினால் தரநிலை தேறிவிட்டது என்று பொருளல்ல. மீந்த கிளிசரின், ஈரம் (வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு), மெத்தனால் எல்லாம் ஆய்வகத்தில்தான் தெரியும்.

இயந்திரத்தில் எந்த எரிபொருள் என்ன செய்யும்?

பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் ஊறிய படிவையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். முதல் சில நிரப்புகளுக்கு மாற்று ஃபில்டர் கையில் இருக்கட்டும். இயற்கை ரப்பர் குழாய் ஊறிப் பிசுபிசுக்கும், விட்டான் என்னும் செயற்கை ரப்பர் தாங்கும். புகைவடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாக எரிபொருள் தெளிக்கும் வண்டிகளில், எளிதில் ஆவியாகாத பயோடீசல் சுவர்வழி இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்க வைக்கும். அதனால் பி7, பி20 (7, 20 சதவீதப் பயோடீசல்) என்று உற்பத்தியாளர் அனுமதித்த கலப்போடு நில்லுங்கள். பாமாயில் பயோடீசல் 13–16 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஹெச்விஓவில் இந்தத் தொல்லைகள் இல்லை. எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைச் சொல்லும் செட்டேன் எண் 70-க்கு மேல். சாதாரண டீசலுக்கு 50 சுற்றி. ஆனால் எடை குறைவு, லிட்டருக்கு 0.78 கிலோ. கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் ஆற்றல் இருந்தும் லிட்டருக்குச் சில சதவீதம் குறைவாகவே கிடைக்கும். மசகுத்தன்மை குறைவு என்பதால் சேர்ப்பான் கட்டாயம். பழைய நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) சீல் ஒரு சிக்கல்: பல வருடம் சாதாரண டீசலின் நறுமணச் சேர்மங்களில் உப்பியிருந்தது, அவை இல்லாத ஹெச்விஓவில் சுருங்கிக் கசியும். சீலை மாற்றினால் தீர்ந்தது.

பாசி ஒரு ஹெக்டேரில் செடியைவிடப் பத்து மடங்கு எண்ணெய் தரும் என்பது உண்மையா?

சோயாவோடு ஒப்பிட்டால் உண்மை. எண்ணெய்ப்பனையோடு ஒப்பிட்டால் அவ்வளவு இல்லை. சோயா ஹெக்டேருக்கு ஆண்டுக்கு அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு, எண்ணெய்ப்பனை 3–4 டன். திறந்த குளத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் உலர் பாசி, அதில் 25 சதவீதம் எண்ணெய், 300 நாள் என்று வைத்தால் 11 டன் சொச்சம். 15 கிராமே ஆண்டு முழுக்கக் காப்பாற்றுவது கடினம். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டத்தில், நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் ஒரு சில நாள்கள் 50 கிராம் வரை எட்டினார்கள். நீண்டகாலச் சராசரி 10 கிராமை ஒட்டியே நின்றது. இரவுக் குளிர்தான் அங்கே கெடுத்தது.

'பாசியில் 60 சதவீதம் எண்ணெய்' என்று படித்திருந்தால் அதற்கும் ஒரு பின்கதை உண்டு. நைட்ரஜனைப் பட்டினி போட்டால் பாசி எண்ணெயைச் சேர்க்கும், ஆனால் வளர்வதை நிறுத்திவிடும். சதவீதம் ஏறும், மொத்த எண்ணெய் ஏறாது.

அப்படியானால் பாசி டீசல் ஏன் இன்னும் பெட்ரோல் பங்குகளில் இல்லை?

தண்ணீரால். குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசிதான் இருக்கும். ஒரு கிலோ உலர் பாசிக்கு 2,000 லிட்டர் தண்ணீரைக் கையாள வேண்டும். திரளவைத்து, காற்றுக் குமிழியில் மிதக்கவிட்டு, மையவிலக்கியில் சுற்றினால் 20 சதவீதப் பசை கிடைக்கும். அதாவது ஒரு கிலோ பாசியோடு இன்னும் 4 கிலோ தண்ணீர். அதைச் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 10 மெகாஜூல் வேண்டும். அந்த ஒரு கிலோ பாசியில் இருப்பதோ கால் கிலோ எண்ணெய், அதன் ஆற்றல் 9 மெகாஜூல் சொச்சம். உலர்த்தும் அடுப்பே எண்ணெயைக் குடித்துவிடுகிறது.

உரக்கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ பாசிக்குச் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. காற்றில் உள்ளது போதாது, குழாய் வைத்து ஊட்ட வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அவை எண்ணெயில் இல்லை, சக்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மீட்டுக் குளத்துக்குத் திருப்பாவிட்டால் உரச்செலவே மூழ்கடிக்கும்.

உலர்த்தாமலே எடுக்க வழி இல்லையா?

இருக்கிறது. ஈரப்பசையையே 300–350 டிகிரியில், தண்ணீர் ஆவியாகாதபடி 150–200 பார் அழுத்தத்தில் வேகவைத்தால் பாசி முழுதும் சிதைந்து கருத்த கச்சா எண்ணெய் மிதக்கும். புரதமும் மாவும்கூட எண்ணெயாக மாறுவதால் எண்ணெய் குறைந்த, வேகமாக வளரும் பாசியும் போதும். குறை என்னவென்றால் புரதத்தின் நைட்ரஜன் எண்ணெய்க்குள் வந்துவிடும், 4–6 சதவீதம்வரை. அதை ஹைட்ரஜனால் நீக்குவது ஆக்ஸிஜனை நீக்குவதைவிடக் கடினம். உப்பும் சாம்பலும் அழுத்த வால்வுகளைத் தேய்க்கும். ஆனாலும் பாசிக்கு எதிர்காலம் என்று ஒன்று இருந்தால் இந்தப் பக்கம்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

மொட்டை மாடித் தொட்டியில் பாசி வளர்த்து வண்டி ஓட்டலாமா?

10 சதுர மீட்டர் தொட்டி, 20–30 செ.மீ. ஆழம், நன்றாகப் போனால் நாளைக்கு 100 கிராம் உலர் பாசி. அதில் எண்ணெய் 25 கிராம். வருடம் முழுக்க ஒரு நாளும் கெடாமல் போனாலே 10 லிட்டர். கெடாமல் போகாது: பாசியைத் தின்னும் நுண்ணிய சக்கர உயிரிகள் புகுந்தால் பச்சைத் தொட்டி இரண்டு மூன்று நாளில் பழுப்பாகத் தெளிந்துவிடும். உருப்பெருக்கியில் தினம் ஒரு சொட்டுப் பார்ப்பவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். கற்றுக்கொள்ள ஆசை என்றால் 20 லிட்டர் கண்ணாடித் தொட்டியும் ஒரு காற்றுப் பம்பும் போதும். பயோடீசலுக்குப் பொரித்த எண்ணெயைச் சேகரித்துக்கொள்ளுங்கள்.